கழிவுநீர்ச் சோதனை எல்லா மாநகராட்சிக்கும் தேவையா?

லேப்_தமிழரசி:
2016 ஜூனில் ஹைதராபாத் கழிவுநீர் மாதிரி ஒன்றில், தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய டைப் 2 போலியோ வைரஸ் சிக்கியது. எந்தக் குழந்தைக்கும் வாதம் வரவில்லை. ஆனாலும் அதே மாதம் முகாம் போட்டு 3 லட்சம் குழந்தைகளுக்கு மேல் ஊசி போட்டார்கள். போலியோ தொற்றும் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர்கள் வரவே மாட்டார்கள். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைக்கும் சேர்த்து இந்தச் சோதனை எல்லா மாநகராட்சியிலும் நிரந்தரமாக வேண்டும்.

தேனிக்காரன்:
அக்கா, பாதாளச் சாக்கடையே இல்லாத தெருவுல எதைச் சோதிப்பீங்க? எங்க பக்கம் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். டைபாய்டு ஏன் வருதுன்னு தெரிய ஆய்வகம் வேண்டாம். குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ள முங்கிக் கிடக்கு, எல்லாரும் பார்க்கிறோம். அந்தக் குழாயை மாத்தப் பணம் இல்லைன்னு சொல்றவங்க இதுக்கு எப்படிச் செலவழிக்கலாம்?

லேப்_தமிழரசி:
குழாயை மாற்றத்தான் வேண்டும், தம்பி. எந்த வார்டில் முதலில் என்று முடிவெடுக்கவும் இது உதவும். இந்தியாவில் போலியோவுக்கான கழிவுநீர்ச் சோதனை 2001-லேயே மும்பையில் தொடங்கிவிட்டது. திறந்த ஓடையிலிருந்தும் மாதிரி எடுக்கிறார்கள். செப்டிக் டேங்க் லாரிகள் கொட்டும் கசடு சுத்திகரிப்பு நிலையங்களிலும் எடுக்கலாம், செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி ஊரில் இருப்பது மாதிரி.

தேனிக்காரன்:
லாரி ஒரு வீட்டுக்கு வர்றதே சில வருஷத்துக்கு ஒரு தடவை. அடியில தங்கின பழைய கசடு இந்த வாரத்து நோயைச் சொல்லாது. ஓடையில எடுத்தா ஐப்பசி மழையில எல்லாம் கரைஞ்சு போகும்.

லேப்_தமிழரசி:
கசடு பற்றிச் சொன்னது நியாயம். அங்கே வாரப் போக்கைப் பார்க்க முடியாது. மழைக்கு வழி இருக்கிறது. மிளகாயைத் தாக்கும் செடி வைரஸ் ஒன்று, நாம் சாப்பிடும் மிளகாய் வழியாக மலத்தில் எப்போதும் இருக்கும். அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று அளந்து, நோய்க்கிருமியின் கணக்கைச் சரிசெய்வார்கள். நம் சாப்பாட்டுக்கு அது குறைவாகக் கிடைக்காது!

வடசென்னை_மாலா:
எனக்குப் பயம் வேறு. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு விடுதியின் கழிவுநீரைச் சோதித்து, அறிகுறியே இல்லாத இரண்டு பேருக்குக் கொரோனா என்று கண்டுபிடித்தார்கள். அங்கே அது நல்லதாக முடிந்தது. அதே வருடம் எங்கள் தெருவில் வீட்டு வாசலை மறைத்துத் தகரம் அடித்தார்கள். பால் பாக்கெட் வாங்கக்கூட வெளியே வர முடியவில்லை. தெரு வாரியாக முடிவு வந்தால் எந்தத் தெருவைப் பூட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மாதிரிக்காக மேன்ஹோல் மூடியைத் திறக்கப்போவது யார்? கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013 சட்டத்துக்குப் பிறகும் குழிக்குள் இறங்கி ஆட்கள் சாகிறார்கள்.

லேப்_தமிழரசி:
மாலா, அதனால்தான் பல தெருக்களின் கழிவுநீர் சேரும் பம்பிங் ஸ்டேஷனோடு நிறுத்த வேண்டும், தெரு அளவுக்குப் போகக் கூடாது என்கிறேன். 2022-ல் லண்டனில் போலியோ வைரஸ் தெரிந்தது பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்தில். சுமார் 40 லட்சம் பேரின் கழிவு அங்கே வருகிறது, யார் வீடு என்று சொல்லவே முடியாது. ஆனாலும் 1 முதல் 9 வயது வரையுள்ள லண்டன் குழந்தைகளுக்குக் கூடுதல் தவணை கொடுக்க அது போதுமானதாக இருந்தது. பம்பிங் ஸ்டேஷனில் கருவியே மாதிரி எடுக்கும், யாரும் இறங்க வேண்டாம்.

வடசென்னை_மாலா:
அப்படியென்றால் அதை அரசாணையில் எழுதட்டும். ஆய்வகத்தில் இருப்பவர்களின் நல்ல மனதை நம்பி எங்கள் தெருவை ஒப்படைக்க முடியாது.

தேனிக்காரன்:
ஹைதராபாத்ல வேலை நடந்ததுக்குக் காரணம் சோதனை மட்டும் இல்லைக்கா. மருந்து, செவிலியர், முகாம் திட்டம் எல்லாம் போலியோவுக்கு ஏற்கெனவே தயாரா இருந்துச்சு. டைபாய்டு கிருமி கூடுதுன்னு திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தா, செவ்வாய்க்கிழமை எந்த அதிகாரி குழாயைத் தோண்டணும்? அவர் பதவியும் கெடுவும் அதே அரசாணையில இருக்கட்டும், ரிப்போர்ட்டை வார்டு ஆபீஸ் வாசல்ல ஒட்டட்டும். அதுவரைக்கும் இந்தச் செலவுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்.