இம்யூன் செக்பாயின்ட்: சோதனைச்சாவடியை விட்டுவிட்டுக் கடிவாளத்தை எடுத்துக்கொள்வோம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் குழுவின் இந்த இழையில் நான்கு நாளாக வந்த மடல்களை இன்று உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். 'இம்யூன் செக்பாயின்ட்' (நோயெதிர்ப்புச் செல்கள் அளவுமீறாமல் அடக்கி வைக்கும் புரதம்) என்பதற்கு நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடி, சரிபார்ப்பு முனை, தடைப்புள்ளி, மட்டுப்படுத்தி, பிரேக் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. அதைத் தடுக்கும் மருந்துக்கு, அதாவது செக்பாயின்ட் இன்ஹிபிட்டருக்கு, 'நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடித் தடுப்பான்' என்று பலரும் ஒத்துக்கொண்டுவிட்ட மாதிரி தெரிகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டில் நடந்தது ஒன்று. என் பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இந்த வகை மருந்தைத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லி, தமிழில் அச்சடித்த ஒரு துண்டறிக்கையும் கொடுத்து அனுப்பினார்கள். மருந்தின் வகை என்ற இடத்தில் 'நோயெதிர்ப்புத் தடுப்பான்' என்று இருந்தது. அன்று இரவு பெரியம்மா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, அவரே துவண்டு போயிருக்கார். இருக்கிற எதிர்ப்புச் சக்தியையும் தடுத்துட்டா எப்படித் தாங்குவார்? வேண்டாம்னு சொல்லிடலாமா?"

பெரியம்மா தப்பாகப் படிக்கவில்லை. பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லி என்றால், நோயெதிர்ப்பைத் தடுப்பதுதானே நோயெதிர்ப்புத் தடுப்பான்? தமிழ் தெரிந்த யார் படித்தாலும் அப்படித்தான் பொருள் கொள்வார்கள். ஆனால் மருந்து செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. நடுவில் 'சோதனைச்சாவடி'யைச் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். தீராது என்றே நினைக்கிறேன். நீண்ட சொல்லில் வாசகர் கண் முதலையும் கடைசியையும்தான் பிடித்துக்கொள்ளும். அந்தத் துண்டறிக்கையிலும் நடுச்சொல் அப்படித்தான் உதிர்ந்துபோயிருக்க வேண்டும்.

> சோதனைச்சாவடி எல்லோருக்கும் தெரிந்த சொல், மூலச்சொல்லுக்கும் நெருக்கம். இதைவிட என்ன வேண்டும்?

மூலச்சொல்லுக்கு நெருக்கம்தான். ஆனால் அந்த மூலச்சொல்லே இந்தத் துறைக்கு வேறிடத்திலிருந்து வந்தது. செல்சுழற்சி ஆய்வில் அதை நிலைநிறுத்தியவர் லேலண்ட் ஹார்ட்வெல். ஈஸ்ட் செல்களை வைத்து ஆராய்ந்து, டெட் வைனெர்ட்டுடன் சேர்ந்து 1989இல் எழுதிய கட்டுரையிலேயே அந்தச் சொல் தலைப்பில் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் நின்று, டிஎன்ஏ பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, பழுதிருந்தால் அது சரியாகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் மேலே போகிறது. அங்கே நிஜமாகவே ஒரு சோதனை நடக்கிறது, சாவடியும் இருக்கிறது. செல்சுழற்சிக்குச் 'சோதனைச்சாவடி' என்ற சொல்லை நாம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அதைத் தொட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏனென்றால் செல்சுழற்சியின் சாவடிகளைத் தடுக்கும் மருந்துகளும் புற்றுநோய்க்காக ஆய்வில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், நாளைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் எதை எதோடு கலப்பார் என்று சொல்லவே முடியாது.

சரி, நோயெதிர்ப்பில் என்ன நடக்கிறது? நோயெதிர்ப்பில் போரிடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்லைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். நிணநீர்க் கணுவில் ஒரு கிளைச்செல் (டென்ட்ரிட்டிக் செல் என்பதற்கு இந்தக் குழுவில் நாம் முன்பு ஏற்ற சொல்) கிருமியின் துணுக்கு ஒன்றைத் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. டி செல்லின் ஏற்பி அந்தத் துணுக்கை அடையாளம் கண்டுகொள்கிறது. அது மட்டும் போதாது. டி செல்லில் இருக்கும் சிடி28 என்ற புரதம், கிளைச்செல்லில் இருக்கும் பி7 என்ற புரதத்தைத் தொட வேண்டும். இந்த இரண்டாவது குறிப்பு கிடைத்த பிறகே டி செல் கிளம்பும், பெருகும். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அதே டி செல்லின் மேற்பரப்புக்கு இன்னொரு புரதம் வந்து சேருகிறது. அதுதான் சிடிஎல்ஏ-4. இதுவும் அதே பி7ஐத்தான் பிடிக்கிறது, ஆனால் சிடி28ஐவிடப் பல மடங்கு இறுக்கமாக. சிடி28க்குப் பிடிக்க இடம் கிடைப்பதில்லை. டி செல்லின் வேகம் குறைகிறது.

இங்கே யாரும் எதையும் சோதிக்கவில்லை, 'சரி, போ' என்று அனுப்பி வைக்கவும் இல்லை. கிளம்பியதை இழுத்துப் பிடிக்கும் வேலை நடக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 1995இலேயே தெரிந்துவிட்டது. சிடிஎல்ஏ-4 மரபணு இல்லாமல் பிறந்த எலிக்குஞ்சுகளில் டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உள்ளுறுப்புகளுக்குள் புகுந்தன. அந்தக் குஞ்சுகள் மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் பிழைக்கவில்லை.

இரண்டாவது புரதம் பிடி-1. 1992இல் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் இதைக் கண்டெடுத்தது. செல்கள் தாமாக மடிவதற்குக் காரணமான மரபணுவைத் தேடிப் போனபோது கிடைத்ததால், பெயரிலேயே (புரோகிராம்டு டெத்-1) 'மரணம்' ஒட்டிக்கொண்டது. அதன் உண்மையான வேலை டி செல்லை அடக்கி வைப்பது என்று பின்னால்தான் தெரிந்தது. பிடி-1 இல்லாத எலிகளுக்கு வயது ஏற ஏறத் தன்னெதிர்ப்பு நோய் வருவதை அவர்கள் 1999இல் வெளியிட்டார்கள். மூலப்பெயரே ஒரு தேடலின் தடத்தைத்தான் சுமக்கிறது, வேலையைச் சொல்லவில்லை. அதை அப்படியே தமிழுக்குத் தூக்கி வர வேண்டிய கடமை நமக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசுக் குறிப்பில் 'செக்பாயின்ட்' என்ற சொல் வரவே இல்லை. நோயெதிர்ப்பை அடக்கும் ஒழுங்காற்றலைத் தடுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்வது என்ற கருத்தில்தான் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது என் சொல்லுக்கு வருகிறேன். அன்று இரவு பெரியம்மாவிடம் நான் பாடம் எடுக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "பெரியம்மா, எதிர்ப்புச் சக்தி ஒரு குதிரைன்னு வெச்சுக்கோங்க. அது கண்டபடி ஓடி நம்ம உடம்பையே மிதிச்சிடாம இருக்கக் கடிவாளம் போட்டிருக்கு. புற்றுநோய் என்ன பண்ணுதுன்னா, அந்தக் கடிவாளத்தைப் போய்ப் பிடிச்சுக்குது. குதிரையால நகர முடியல. இந்த மருந்து கடிவாளத்தைத் தளர்த்தி விடும்." ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சக்தியைக் குறைக்கிற மருந்து இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுவாரம் முதல் ஊசி ஏறியது.

ஆகவே நான் முன்வைப்பது: இம்யூன் செக்பாயின்ட் - நோயெதிர்ப்புக் கடிவாளம். செக்பாயின்ட் இன்ஹிபிட்டர் - கடிவாளந்தளர்த்தி.

> இதற்குப் பிரேக் என்றே சொல்லலாமே. படிக்காதவர்களுக்கும் தெரியும்.

பேச்சில் தாராளமாகச் சொல்லலாம், மருத்துவர்களே அப்படித்தான் விளக்குகிறார்கள். எனக்கு இரண்டு தயக்கங்கள். வண்டியின் பிரேக்கை வண்டிக்குள் இருப்பவர்தான் மிதிக்கிறார். பிடி-1 அப்படி இல்லை. அது டி செல்லின் மேல் இருக்கும், ஆனால் அதை இழுப்பது வெளியே இருக்கும் இன்னொரு செல். இழுக்கும் புரதத்துக்குப் பிடி-எல்1 என்று பெயர். டி செல்கள் போராடும் இடத்தில் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற குறிப்புப் புரதத்தை உணர்ந்து, சுற்றியிருக்கும் நல்ல திசுக்கள் பிடி-எல்1ஐ வெளியே நீட்டும், 'போதும், அடங்கு' என்கிற மாதிரி. புற்றுச்செல்லும் அதே கையை நீட்டித் தப்பித்துக்கொள்கிறது. கடிவாளத்தின் ஒரு நுனி குதிரையின் வாயில், மறுநுனி வேறொருவர் கையில். ஏற்பி, அதைப் பற்றும் பொருள் என்ற இரண்டுமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இரண்டாவது தயக்கம், பிரேக்கை எடுத்துவிடுவது என்றாலே நம் காதில் விபத்துதான் கேட்கும். கடிவாளத்தைத் தளர்த்துவது சவாரியில் அன்றாடம் நடப்பது. ஆபத்தும் உண்டு, பயனும் உண்டு.

> கடிவாளம் கவிதைச்சொல். மருத்துவக் கலைச்சொல்லில் உருவகம் கூடாது.

செவிப்பறையில் பறை இருக்கிறது. விழித்திரையில் திரை தொங்குகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பெயர், விதானம் என்றால் மேற்கட்டி. நாவில் சுவை அரும்புகள். இவற்றையெல்லாம் பாடநூலில் படித்துத் தேர்வு எழுதியவர்கள்தானே நாம்? உருவகம் இருப்பது குறையில்லை. வேலையைத் திரித்துச் சொல்லும் உருவகம்தான் குறை.

இலக்கணம் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். கடிவாளத்தைத் தளர்த்துவது என்பதால் இது இரண்டாம் வேற்றுமைத் தொகை. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி ஆவது போல, இங்கே மகரம் தகரத்துக்கு இனமான நகரமாகிக் கடிவாளந்தளர்த்தி. சேர்த்து எழுதினால் நீளமாகத் தெரிகிறது என்றால் 'கடிவாளம் தளர்த்தி' என்று பிரித்தும் எழுதலாம், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. 'தளர்த்தி' வினையெச்சமாகவும் படிக்கப்படுமே என்ற ஐயம் நியாயமானது. வழிகாட்டி, ஒலிபெருக்கி இரண்டுக்கும் அதே சிக்கல் உண்டு, புழக்கத்தில் யாரும் தடுமாறவில்லை.

என் சொல்லுக்கு எதிராக நானே ஒன்றை எழுப்பியாக வேண்டும். இந்த மருந்துகள் ஆன்டிபாடிகள். அவை பிடி-1இன் மேலோ பிடி-எல்1இன் மேலோ ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஒன்றை ஒன்று தொடவிடாமல் செய்கின்றன. கண்டிப்பாகப் பார்த்தால் கடிவாளம் தளரவில்லை, அதைப் பற்ற வரும் கைக்கு அது அகப்படவில்லை. 'கடிவாள மறைப்பி' என்பது செயல்முறைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனாலும் நான் விளைவின் பக்கம்தான் நிற்கிறேன். மருந்தின் பெயரைக் கேட்கும் நோயாளிக்கு முதலில் தெரிய வேண்டியது, தன் எதிர்ப்பாற்றல் கூடுமா குறையுமா என்பது. 'மறைப்பி' என்ற சொல்லில் அது தெரியாது.

இந்தச் சொல்லை இன்னொரு விதத்திலும் சோதித்துப் பார்த்தேன். இந்த மருந்துகளின் பக்கவிளைவுகள் கீமோதெரபியில் வருவது போன்றவை இல்லை. கட்டவிழ்ந்த டி செல்கள் குடல், தோல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல் என்று நல்ல உறுப்புகளைத் தாக்குவதால் வருபவை. அரிதாக இதயத் தசையையும் தாக்கும், அது உயிருக்கே ஆபத்து. கடுமையானால் மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதாவது எதிர்ப்பாற்றலை மறுபடி அடக்குவார்கள். பெரியப்பாவுக்கு மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா கேட்கவில்லை. எனக்குப் போன் செய்து அவர் கேட்ட கேள்வி இது: "குதிரை குடல் பக்கம் போயிடுச்சோ?"

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். குடல் அழற்சிதான். ஸ்டீராய்டு கொடுத்தார்கள், இரண்டு வாரத்தில் அடங்கியது. சோதனைச்சாவடி என்ற சொல்லை வைத்துக்கொண்டு பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியுமா? முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மருந்து பலருக்கு வேலை செய்யாமல் போவதையும் இந்தச் சொல்லை வைத்தே விளக்கலாம். சில கட்டிகளுக்குள் டி செல்களே நுழைந்திருக்காது. குதிரை இல்லாத இடத்தில் எந்தக் கடிவாளத்தைத் தளர்த்துவது? அந்தக் கட்டிகளுக்குள் முதலில் டி செல்களைக் கொண்டுவர என்ன செய்யலாம் என்று ஆய்வுகள் நடக்கின்றன.

சொல் வளரவும் இடம் இருக்கிறது. சிடிஎல்ஏ-4க்கு எதிரான இபிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிடி-1க்கு எதிரான பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இல். 2022இல் லாக்-3 என்ற மூன்றாவது கடிவாளத்துக்கும் மருந்து வந்துவிட்டது. இரண்டைச் சேர்த்துக் கொடுக்கும்போது 'இரட்டைக் கடிவாளந்தளர்த்தல்' என்று இயல்பாகவே சொல்ல வருகிறது.

எஞ்சி நிற்பது பிடி-எல்1. கட்டியைப் பரிசோதித்த அறிக்கையில் இது சதவீதமாக வரும். நுரையீரல் புற்றுநோயில் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், சிலருக்குக் கீமோ இல்லாமல் இந்த மருந்தை மட்டும் தொடங்குவதும் உண்டு. ஆகவே நோயாளி கையில் தவழும் காகிதத்திலேயே இருக்கிற சொல் இது. பிடி-எல்1இல் உள்ள 'எல்' லிகண்டைக் குறிக்கும், அதாவது ஏற்பியைப் பற்றும் பொருளை. லிகண்டுக்கு வேதியியலில் ஈனி என்கிறோம், இங்கே அது ஒட்டவில்லை. 'கடிவாளப் பிடி' என்று வைக்கலாமா? புற்றுச்செல்களில் எத்தனை சதவீதம் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று அறிக்கையைப் படித்துச் சொல்லிவிடலாம். பிடி-1, பிடி-எல்1 என்று தமிழில் எழுதும்போது 'பிடி' என்ற நம் சொல்லே எழுத்தில் வந்து உட்காருவது தற்செயல்தான், ஆனால் எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. வாசகரைக் குழப்புமா, கைகொடுக்குமா என்று நோயாளிகளோடு பழகும் மருத்துவர்களும் செவிலியர்களும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால், நோயெதிர்ப்புக் கடிவாளம், கடிவாளந்தளர்த்தி இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டு, கடிவாளப் பிடியை மட்டும் 'பரிசீலனையில்' என்று குறித்து வைக்கிறேன்.

அன்புடன்