பேட்டரியில் 1.6 வாட், ஆன்டெனாவில் 0.2 வாட்: குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

கவின்: சித்தப்பா, மீனாக்கா, நேரம் இருக்கும்போது பாருங்க. 900 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) போர்டு, தனி எச்பிடி டிரான்சிஸ்டர்ல கட்டின பிஏ (ஆன்டெனாவுக்கு சிக்னலைப் பெருக்கிக் குடுக்கிற பவர் ஆம்ப்ளிஃபையர்). சப்ளை 3.8 வோல்ட், ஃபுல் பவர்ல 420 மில்லியாம்ப் இழுக்குது. ஆன்டெனா கனெக்டர்ல 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். டேட்டாஷீட்ல எஃபிஷியன்சி 45 சதவீதம்னு போட்டிருக்கு, எனக்கு 12.5தான் வருது.

மீனாக்கா: பிஏ அவுட்புட்லயே எவ்வளவு?

கவின்: 26 டிபிஎம் அக்கா. டூப்ளெக்சர் (அனுப்புறதையும் வாங்குறதையும் பிரிக்கிற ஃபில்டர்), ஸ்விட்ச், ட்ரேஸ் மூணும் சேர்ந்து 3 டிபி லாஸ், அதாவது பாதி பவர்.

சம்பத் சித்தப்பா: அப்ப பிஏ குடுக்கிறது 400 மில்லிவாட், உள்ள போறது 1.6 வாட். பிஏ 25 சதவீதம். மீதிப் பாதி அதுக்கு அப்புறம் போகுது. ரெண்டும் வேற வேற வியாதி, ஒண்ணாக் குழப்பிக்காத.

சம்பத் சித்தப்பா: டேட்டாஷீட் பொய் சொல்லல. அந்த 45 மாடுலேஷன் இல்லாம, கம்ப்ரெஷன் (இதுக்கு மேல பவர் ஏறாம நெருக்குற இடம்) பக்கத்துல, 31 டிபிஎம்ல அளந்தது. உன் சிக்னலோட பீக் சராசரியை விட 5 டிபி மேல போகுது, அதனால நீ 26ல நிக்கிற. கிளாஸ் பி பக்கம், அதாவது சிக்னல் இல்லாதப்ப கரண்ட் கிட்டத்தட்ட இல்லாத மாதிரி, பயாஸ் பண்ணின ஆம்ப்ளிஃபையர்ல எஃபிஷியன்சி ஆம்ப்ளிட்யூடோட சேர்ந்து இறங்கும். 5 டிபி கீழன்னா 0.56 மடங்கு. 45ஐ அதால பெருக்கு, 25 வருதா? கிளாஸ் ஏ-வா இருந்தா இன்னும் மோசம், பவரோட சேர்ந்து இறங்கும்.

கவின்: அட, அப்படியே வருது! அப்ப நேரா என்வலப் டிராக்கிங் (சிக்னலோட ஏற்ற இறக்கத்தை அப்படியே தொடர்ந்து சப்ளையை மாத்துறது) போட்டுடலாமா?

சம்பத் சித்தப்பா: அது கடைசி. முதல்ல பிஏவுக்கு அப்புறம் இருக்கிற லாஸ்.

மீனாக்கா: ஆமா. 0.5 டிபி மிச்சம் பிடிச்சா பிஏ பவரை 11 சதவீதம் குறைக்கலாம். ஆனா கவனி, சப்ளையை அப்படியே 3.8ல விட்டா கரண்ட் 5, 6 சதவீதம்தான் குறையும். லோடையும் சப்ளையையும் புது பவருக்கு ஏத்த மாதிரி மாத்தினாத்தான் முழுசாக் கைக்கு வரும். இதை நிறைய பேர் விட்டுடுறாங்க.

மீனாக்கா: பிஏ அவுட்புட் பார்க்கிற லோடு எத்தனை ஓம் வச்சிருக்க?

கவின்: ரெஃபரன்ஸ் டிசைன்ல இருந்ததை அப்படியே வச்சேன்.

மீனாக்கா: கணக்குப் போடு. 3.8ல டிரான்சிஸ்டரோட முழங்கால் (knee) வோல்டேஜ் 0.4 கழிச்சா ஸ்விங் 3.4. பீக் 31 டிபிஎம், அதாவது 1.26 வாட். 3.4 ஸ்கொயரை 2.52ஆல வகுத்தா 4.6 ஓம். அதுக்குக் கம்மியா வச்சிருந்தா ஸ்விங் முழுசா எழும்பாது, கரண்ட் மட்டும் போகும். சிடபிள்யூ (மாடுலேஷன் இல்லாத சிக்னல்) போட்டு இன்புட் டிரைவை ஏத்திக்கிட்டே போ. கம்ப்ரெஷன் 33 டிபிஎம்லதான் வருதுன்னா ஆம்ப்ளிஃபையர் தேவைக்கு மேல பெருசு. 5 டிபி போதும்ங்கிற இடத்துல 7 டிபி கீழ ஓட்டுற, 25 சதவீதம் 20 ஆயிடும்.

மீனாக்கா: 4.6ல இருந்து ஆன்டெனா பக்கத்து 50 ஓமுக்கு மாத்த, ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்த ஒரே எல் செக்‌ஷன்னா 2.6 நானோஹென்றி சீரிஸ், 11 பிகோஃபாரட் ஷன்ட், சர்க்யூட் க்யூ 3.1. ரெண்டு செக்‌ஷன்னா 1.2 நானோஹென்றி, 18 பிகோ, 4.1 நானோஹென்றி, 5.4 பிகோ. ரெண்டுலயும் லாஸ் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ரெண்டு செக்‌ஷன் பேண்ட் முழுக்க ஒரே மாதிரி நிக்கும். லாஸைக் குறைக்கிறது காயிலோட தனி க்யூதான், அது கூடினா காயில்ல சூடாப் போறது குறையும். காயில் க்யூ 40ன்னா 8 சதவீதம் அங்கயே சூடாகும், 60 கிடைச்சா 5. வயர்வவுண்ட் (கம்பி சுத்தின) காயில், சி0ஜி (லாஸ் கம்மியான செராமிக்) கெபாசிட்டர் போடு. முதல் 1.2 நானோஹென்றி வெறும் ட்ரேஸ் நீளம்தான். அந்த 18 பிகோவை ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே லோடு மாறிடும், அதனால சால்டர் பேடை நீளமா விடு, நகர்த்திப் பார்த்து டியூன் பண்ணலாம்.

வசந்தி அத்தை: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் சம்பத். சிக்னல் கம்மியா இருக்கிற இடத்துல ஃபோன் சூடாகுதே, இதே விஷயம்தானா?

சம்பத் சித்தப்பா: அதேதான் அக்கா. டவர் பக்கத்துல இருந்தா ஃபோன் 10 டிபிஎம்ல பேசிடும், தூரமாப் போனா 23க்கு ஏத்தச் சொல்லி டவர் உத்தரவு போடும். 20 மடங்கு பவர். கையால ஆன்டெனாவை மூடிப் பிடிச்சா இன்னும் கெடும். ஆன்டெனா எவ்வளவு பொருந்தாமப் போச்சுன்னு காட்டுற விஎஸ்டபிள்யூஆர் 3 ஆனா, பவர்ல நாலுல ஒரு பங்கு திரும்பி வந்துடும்.

சம்பத் சித்தப்பா: கவின், இதுல உனக்கும் ஒரு பாடம். முக்கால்வாசி நேரம் நீ ஃபுல் பவர்ல இருக்க மாட்ட. 10 டிபிஎம்ல பிஏ 60 மில்லியாம்ப் இழுக்குதுன்னு வை. 3.8 வோல்ட்ல 228 மில்லிவாட். பக் கன்வர்ட்டர் (வோல்டேஜை இறக்கிக் குடுக்கிற சர்க்யூட்) வச்சு, கரண்ட் அதே 60ல இருக்க சப்ளையை 1.2க்கு இறக்கினா, கன்வர்ட்டர் 90 சதவீதம்னாலும் பேட்டரியில இருந்து 80 மில்லிவாட் போதும். இதுதான் ஆவரேஜ் பவர் டிராக்கிங். ஸ்லாட்டுக்கு ஸ்லாட் (ஃபோன் அனுப்புற நேரத் துண்டு) மாத்தினாப் போதும், வேகம் தேவையில்ல. பேட்டரி அதிகம் மிச்சமாகிறது இங்கதான், என்வலப் டிராக்கிங்குக்கு முன்னாடி இதைப் பண்ணு.

கவின்: சரி சித்தப்பா. அதுக்கப்புறம் ஃபுல் பவருக்கு என்வலப் டிராக்கிங்? இப்ப சப்ளை பின்ல 1 மைக்ரோஃபாரட் பைபாஸ் கெபாசிட்டர் (சப்ளையை ஆடாம வைக்கிறது) இருக்கு.

மீனாக்கா: ஆவரேஜ் டிராக்கிங்குக்கு இருக்கட்டும். என்வலப் டிராக்கிங்குக்கு அதைக் கழட்டியே ஆகணும். 10 மெகாஹெர்ட்ஸ்ல 1 வோல்ட் ஆட்ட 1 மைக்ரோவுக்கு 63 ஆம்பியர் வேணும். சப்ளையை ஆட்டுற எந்த மாடுலேட்டரும் தராது. 100 பிகோன்னா 6 மில்லியாம்ப். ஆனா பெரிய கெபாசிட்டரை எடுத்ததும் கீழ் ஃப்ரீக்வென்சில ஆசிலேட் ஆகப் பார்க்கும். அதனால பிஏவோட முதல் கட்டமான டிரைவர் ஸ்டேஜுக்கு சப்ளையைத் தனியாப் பிரிச்சுக் குடு, மாடுலேட்டரை பின்னுக்கு ஒட்டினாப்பல வை.

சம்பத் சித்தப்பா: என்வலப் ஜீரோ பக்கம் போகும்போது சப்ளையும் கூடவே ஜீரோவுக்குப் போகக் கூடாது. கெயின் சரிஞ்சு டிஸ்டார்ஷன் வரும். ஒரு வோல்ட் பக்கத்துக்குக் கீழ இறங்காம தரை வச்சு, என்வலப்புக்கு எவ்வளவு சப்ளைங்கிற டேபிளை வளைச்சு விடு.

மீனாக்கா: டிலேயும் பாரு. என்வலப்பும் ஆர்எஃப்பும் நானோசெகண்ட் கணக்குல சேரணும். டிலேயைச் சின்னச் சின்னப் படியா நகர்த்தி ஏசிஎல்ஆர் (பக்கத்து சேனலுக்குக் கசியுற பவர்) எங்க கம்மியோ அங்க நிறுத்து. அது முடிஞ்சப்புறம்தான் டிபிடி (டிஸ்டார்ஷனை முன்கூட்டியே எதிரா வளைச்சுச் சரிபண்றது). முன்னாடியே டிபிடி ஓடவிட்டா டிலே தப்பையும் சேர்த்துக் கத்துக்கும், டெம்பரேச்சர் மாறினதும் ஏசிஎல்ஆர் எகிறிடும்.

கவின்: சரி அக்கா. நாளைக்கு சிடபிள்யூ ஸ்வீப் எடுத்து கம்ப்ரெஷன் கர்வ் அனுப்புறேன்.

மீனாக்கா: கரண்ட்டையும் அதே கிராஃப்ல போட்டு அனுப்பு. சப்ளையை 3.8, 3.4 ரெண்டுலயும் எடு.