மாற்றாந்தந்தை கதைக்குள் வர ஒரு மரணம் ஏன் தேவைப்படுகிறது?

கேள்வி – திண்ணைவாசி:
கௌதம் வாசுதேவ் மேனன் வேட்டையாடு விளையாடு (2006), என்னை அறிந்தால் (2015) ஆகிய இரு படங்களிலும், மணமுறிவு பெற்று மகளுடன் வாழும் பெண்ணை நாயகன் இயல்பாக விரும்புவதாகக் காட்டினார். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று பழகிய திரையில் இது நல்ல மாற்றந்தான். ஆனால், என்னை அறிந்தாலில் திருமணத்துக்கு முன்பே அந்தப் பெண் ஹேமானிகா கொல்லப்பட, அவள் மகள் ஈஷாவை நாயகன் சத்யதேவ் தனியாளாக வளர்க்கிறார். அவளைப் பெற்ற தந்தைக்கோ அவள் வாழ்வில் இடமே இல்லை. பெற்றவரும் உயிரோடு இருக்க, புதிதாக வந்தவரும் வளர்க்க, இருவருக்கும் நடுவே குழந்தை நிற்கும் நிலையை நம்மவர்கள் ஏன் எழுதுவதில்லை?

மறுமொழி – பழையபடப்பெட்டி:
சித்தி என்றாலே கொடுமைக்காரி என்பதை முழுவதும் ஏற்க இயலவில்லை, நண்பரே. கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் சித்தி (1966) படத்தில், தம்பி தங்கைகளுக்காக எம். ஆர். ராதாவுக்கு இரண்டாந்தாரமாகும் பத்மினி, மூத்தாளின் பிள்ளைகளைத் தாங்குபவராகவே வருகிறார். எனினும் அங்கும் மூத்தாள் உயிரோடு இல்லை. போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் நல்லவளாக இருப்பது எளிது. இரண்டு தாய்மாரையும் நேருக்கு நேர் நிறுத்திய ஹாலிவுட்டின் ஸ்டெப்மாம் (1998) கூட, முடிச்சை அவிழ்க்கப் புற்றுநோயைத்தான் துணைக்கு அழைத்தது.

மறுமொழி – நடுவரிசை:
ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் பாய்ஹூட் (2014) அந்தக் குறுக்குவழியை நாடவில்லை. ஒரே நடிகர்களை வைத்து 12 ஆண்டுகளில் எடுத்த அப்படத்தில், பெற்ற தந்தை வார இறுதிகளில் வந்துபோகிறார். தாயின் இரண்டாம் கணவரோ குடித்துவிட்டு வீட்டையே மிரட்டுகிறார். அவரிடமிருந்து தாய் தன் பிள்ளைகளை மீட்டுச் செல்லும்போது, அதுவரை உடன்பிறந்தவர்களைப் போல வளர்ந்த அவருடைய இரு பிள்ளைகள் அங்கேயே விடப்படுகிறார்கள். அவர்கள் மீது அவளுக்குச் சட்ட உரிமை இல்லை. மறுமணக் குடும்பம் உடையும்போது பிள்ளைகளுக்கிடையிலான உறவும் அறுந்துபோவதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

மறுமொழி – ஒருவளர்ப்பப்பா:
என் மனைவியின் மகனை வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் சண்டையும் தியாகமும் குறைவு, விண்ணப்பப் படிவங்களே அதிகம். கணவரை இழந்து மறுமணம் செய்த ஒரு தாயின் வழக்கில், புதிய கணவரை ஆவணங்களில் மாற்றாந்தந்தை என்று குறிப்பிடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, குழந்தையின் மனத்தைப் பாதிக்கும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் அதை நீக்கியது. அந்த வழக்கில் இறந்த கணவரின் பெற்றோரும் ஒரு தரப்பு. பெற்ற தந்தை உயிரோடு இல்லை என்பதைத் தவிர, திண்ணைவாசி கேட்ட சிக்கல் அதில் இருக்கிறது. பேரனை விட்டுக்கொடுக்க மனமில்லாத அந்தத் தாத்தா பாட்டியை வில்லனாக்காமல் எழுதக்கூடியவர்தான் இன்னும் வரவில்லை.