பூங்காவில் சவாசனம்: படுக்கவே கூச்சப்படுகிறார்கள், என்ன செய்யலாம்?

பாய்விரிப்பவள்:
மேற்கு மாம்பலம் பக்கம் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் எட்டு மாதமாகக் காலை 5.45க்கு யோகா சொல்லித் தருகிறேன். காசு வாங்குவதில்லை. மூணு பேரில் ஆரம்பித்து இப்போது 14 பேர். அதில் 11 பேர் பெண்கள், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கொசு, பனி ஈரம், சிரிப்பு மன்றத்தின் "ஹா ஹா" எல்லாம் பழகிவிட்டது. (ஈரத்துக்கு என் வழி: பாய்க்கு அடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர். அச்சடித்த பக்கம் தரையைப் பார்த்து இருக்கணும். ஒருநாள் மாற்றிப் போட்டுவிட்டேன். காதணி விழாக் குழந்தை முகத்துமேல் புஜங்காசனம் பண்ண மாட்டேன் என்று ஒரு மாமி எழுந்தே விட்டார்.)

பழகாதது சவாசனம்தான், பிணம்போல மல்லாந்து கண்ணை மூடிக் கிடப்பது. கடைசியில் அதற்கு வரும்போது மணி 6.40, வாக்கிங் கூட்டம் முழுசாக வந்திருக்கும். நடைபாதை எட்டடி தள்ளி. கண்ணை மூடச் சொன்னால் ஒரு கண் திறந்தே இருக்கிறது, கை குர்தாவை இழுத்து இழுத்து விடுகிறது. சேலையில் வருகிற ஓர் அக்கா படுப்பதே இல்லை, "நான் எல்லார் செருப்பையும் பார்த்துக்கறேன்" என்று உட்கார்ந்துவிடுவார். போன வாரம் நடந்துபோனவர் ஒருத்தர், "என்னம்மா, எல்லாரும் போயாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். விட்டுவிடவும் மனசில்லை. நான் யோகாவுக்கு வந்ததே அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான்.

லஸ்கார்னர்:
நான் நாகேஸ்வர ராவ் பூங்காவில் செய்கிறவன். (அமிர்தாஞ்சன் ஆரம்பித்தவர் பெயரில் இருக்கிற பூங்காவில் முதுகுவலிக்காரர்களுக்கு யோகா. பொருத்தம்தானே!) வரிசையைத் திருப்பிப் பாருங்க. கால் மதில் பக்கம், தலை நடைபாதைப் பக்கம். இன்னொன்று, நீங்க கிழக்கே நிற்காதீங்க. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துடும், உங்களைப் பார்க்கிறவங்க கண் கூசியே பாதி ஆசனம் தப்பாகும். வெயில் உங்க முகத்தில் விழட்டும்.

2015இல் முதல் யோகா தினத்திலிருந்து பார்க்கிறேன், ஜூன் 21க்குக் கூட்டம் அள்ளும், 22ஆம் தேதி பழைய ஆட்கள்தான். உங்களுக்கு மூணு பேர் எட்டு மாதத்தில் 14 ஆகியிருக்காங்கன்னா, கூச்சம் பெரிய தடை இல்லை.

சிங்காநல்லூர்:
தலைமாட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் எனக்கெல்லாம் உடம்பு தளராது. பழைய ஹட யோக நூல்களே ஆள் நடமாட்டமில்லாத சின்னக் குடிலில் செய்யத்தான் சொல்கின்றன, பூங்காவில் இல்லை. அதனால் அவங்க மேல தப்பில்லை. கூச்சப்படுகிறவர்களைக் குப்புறப் படுக்கச் சொல்லுங்க, மகராசனம். முடியாதவங்க மரத்தில் சாய்ந்து உட்காரட்டும். பெரிய யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் உங்க சென்னையில்தானே ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொடுத்தார்? எல்லாரும் மல்லாந்துதான் படுக்கணும்னு என்ன சட்டம்?

வாயில்புடவை:
நான் சொல்லித்தருகிறவள் இல்லை, படுத்துக்கிடக்கிற கூட்டம். ஆளுக்கொரு பழைய வாயில் புடவை கொண்டுவரச் சொல்லுங்க, மடித்துக் கழுத்துவரை போர்த்திக்கட்டும். மார்கழியில் வியர்வை ஆறும்போது குளிரும், அதுக்கும் ஆச்சு. முகத்தை மட்டும் மூட வேண்டாம், யாராவது சங்கோட வந்துடுவாங்க. எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கை ஊன்றி, மெதுவா. பி.பி. மாத்திரை போடறவங்க சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

ஒரு கேள்வி. அந்த நேரம் நீங்க எங்கே இருப்பீங்க? நீங்களும் படுத்துடறீங்களா?

பாய்விரிப்பவள்:
ஆமாம், படுத்துவிடுவேன்! எட்டு மாதமாக அது எனக்கு உறைக்கவே இல்லை. கண் திறந்த காவலுக்கு ஒரு ஆள்கூட இல்லாமல் பொது இடத்தில் கண்ணை மூடு என்றால் எப்படி மூடுவார்கள்?

இன்று கால் மதில் பக்கம், மேலே புடவை, நான் பாதைக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றேன். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். "நீ இங்கேயே நிக்கறியா?" நிற்கிறேன் என்றேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தார். மூணாவது நிமிஷம் மெல்லிசாகக் குறட்டை.

செருப்பை நான் பார்த்துக்கொண்டேன்.