காரைக்குடியில் மூன்று மாத டி.ஆர்.பி.: எமர்ஜென்சி மெடிசின் பி.ஜி. எதற்குத் தயாராகப் போக வேண்டும்?

மூன்றாம்செமஸ்டர்_இஎம்:

எம்.டி. எமர்ஜென்சி மெடிசின், மூன்றாவது செமஸ்டர். பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மாவட்ட ரெசிடென்சி (டி.ஆர்.பி.) போஸ்டிங், ஜனவரி முதல் மார்ச் வரை காரைக்குடிக்கு வந்திருக்கிறது. இதுவரை சென்னையில் பெரிய காலேஜில்தான் வேலை. நியூரோ சர்ஜன், இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப், பிளட் பேங்க் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். மாவட்ட ஆஸ்பத்திரியில் அப்படி இருக்காது என்று தெரியும். அந்தப் பக்கம் என்ன மாதிரி கேஸ் வரும், எதைக் கைப்பழக்கமாக வைத்துக்கொண்டு போக வேண்டும், எந்த இடத்தில் ரெஃபர் செய்ய வேண்டும்? தீசிஸ் பாதியில் நிற்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

விரியன்_வார்டு:

தை மாதத்தில் போறீங்க, அதனால் முதலில் மஞ்சுவிரட்டு. பக்கத்துச் சிராவயலில் தை 3-ல் நடக்கும். வாடிவாசல் வழியா வர்ற மாடு மட்டும் இல்லை, கட்டுமாடுகளைக் கண்மாயிலும் வயலிலும் ஆங்காங்கே அவிழ்த்துவிடுவாங்க. அதனால் குத்துப்படுறது மாடுபிடிக்கிறவங்களைவிட வேடிக்கை பார்க்க நின்னவங்களுக்கே அதிகம்.

கொம்புக் காயத்தை வெளியே தெரியுற அளவை வைத்து எடை போடாதீங்க. தோலில் ரெண்டு விரல் நுழையுற ஓட்டைதான் இருக்கும். மாடு தலையை ஆட்டித் தூக்கியதில் உள்ளே தசை கிழிஞ்சு வேறொரு பக்கம் பாதை போயிருக்கும். தொடை உட்புறத்தில் குத்தியிருந்தால் ஃபெமரல் தமனி, அடிவயிற்றுக்குள் ஏறின பாதை, ஆசனவாய்ப் பகுதி மூணையும் பார்த்தே ஆகணும். ரத்தம் நின்னிருக்கிற ஆழமான காயத்துக்குள்ளே கேஷுவாலிட்டியில் விரலையோ ஃபோர்செப்ஸையோ விட்டுத் துழாவக் கூடாது. கட்டியிருந்த ரத்தக்கட்டி விலகினால் அங்கேயே ஆளை இழப்பீங்க. பீறிட்டால் காஸ் திணிச்சு நேரா அழுத்துங்க, ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம் 10 நிமிடத்தில், அதுவும் அடிபட்டு 3 மணி நேரத்துக்குள். பிறகு தியேட்டர்.

சின்னக் காயம்தானே என்று தையல் போட்டு மூடி அனுப்புறதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. உள்ளே மண்ணும் சாணியும் இருக்கும், மூணாம் நாள் சீழோட திரும்பி வருவாங்க. சலைன் லிட்டர் கணக்கில் ஊத்திக் கழுவி, செத்த தசையை எடுத்து, திறந்தே விட்டு, 3 முதல் 5 நாளில் சுத்தமா இருந்தால் மூடலாம். டி.டி. ஊசி மட்டும் போதாது, தடுப்பூசி விவரம் தெரியாதவருக்கு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் 250 யூனிட்டும் சேர்த்து.

அடுத்தது பாம்புக்கடி. தை, மாசியில் வானம் பார்த்த பூமியெல்லாம் அறுவடை. வைக்கோல் புரட்டும்போது விரியன் கடிக்கும். அந்த விஷம் ரத்தத்தை உறையவிடாது, அதனால் 20 நிமிட ரத்த உறைதல் சோதனையை நீங்களே நின்னு போடுங்க: 2 மி.லி. சிரை ரத்தம், காய்ந்த சுத்தமான கண்ணாடி டியூப், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பாருங்க. இது ரெண்டு இடத்தில் பொய் சொல்லும். பிளாஸ்டிக் டியூபிலும், சோப்பு போட்டுக் கழுவின டியூபிலும் நல்ல ரத்தமே உறையாது. ஆரோக்கியமா இருக்கிற ஒருத்தரோட ரத்தத்தைப் பக்கத்து டியூபில் வையுங்க, சந்தேகமே வராது.

உறையலைன்னா விஷமுறிவு மருந்து 10 வயல், குழந்தைக்கும் அதே அளவு. பொடியா வர்ற வயலில் 10 மி.லி. நீர் விட்டுக் கையில் மெல்லச் சுழற்றணும். குலுக்கினால் நுரைக்கும், மருந்து நுரையிலேயே நின்னுடும். சலைனில் கலந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இறக்குங்க. டெஸ்ட் டோஸ் வேண்டாம், அது அலர்ஜியை முன்கூட்டிச் சொல்லாது. ஆரம்பிக்கும் முன்னே அட்ரினலின் 0.5 மி.கி. சிரிஞ்சில் ஏத்திக் கட்டில் மேலேயே இருக்கட்டும், தடிப்போ மூச்சிரைப்போ வந்தால் தொடையில் போடுங்க. 6 மணி நேரம் கழித்து மறுபடி உறைதல் சோதனை.

கட்டுவிரியன் வேற கணக்கு, நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். கடிவாய் தெரியாது, வீக்கம் இருக்காது. தரையில் படுத்துத் தூங்கினவர் விடியற்காலையில் வயித்து வலின்னு வருவார். இமை தொங்குதா பாருங்க, ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடியுதுன்னு 15 நிமிடத்துக்கு ஒருதரம் எண்ணச் சொல்லி எழுதுங்க. 20-ல் ஆரம்பிச்சது 10-க்கு இறங்குது என்றால் ரெஃபர் பண்ணும் முன்னே மூச்சுக்குழாயில் டியூப் போடுங்க, வண்டியில் போட முடியாது.

108_பைலட்சீட்_பக்கத்தில்:

டாக்டர், 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளரா (இ.எம்.டி.) என் பங்குக்கு ஆக்சிஜன் கணக்கு மட்டும் சொல்றேன். முழு பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டினால் 100 நிமிடம்தான். காரைக்குடியில் இருந்து மதுரை சுமார் 90 கி.மீ., டிராபிக் பட்டால் ரெண்டு மணி நேரம் பிடிக்கும். பாதி சிலிண்டரோட ஏத்திட்டா மேலூர் தாண்டும் முன்னே தீர்ந்துடும். கிளம்பும் முன்னே முள் எங்கே நிக்குதுன்னு நீங்களும் ஒருதரம் பாருங்க.

டியூப் போட்ட நோயாளின்னா பல் வரிசையில் எத்தனை சென்டிமீட்டர்னு சீட்டில் எழுதுங்க. வேர்வையில் பிளாஸ்டர் நிக்காது, ரிப்பன் காஸால கழுத்தைச் சுத்திக் கட்டுங்க. ஸ்ட்ரெச்சர் மாத்துற ஒவ்வொரு தடவையும்தான் டியூப் நழுவுது, மாத்தினதும் ரெண்டு பக்கமும் ஸ்டெத் வைங்க. போற இடத்துக்கு நீங்களே போன் போட்டுச் சொன்னா வாசல்லயே ஆள் நிப்பாங்க.

எம்டி_முடித்தவள்:

மேலே சொன்னதெல்லாம் சரி. நிர்வாக விஷயங்களை நான் சொல்கிறேன்.

நம் துறையை அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் (எம்.சி.ஐ.) எம்.டி. படிப்பாக அங்கீகரித்ததே 2009-ல்தான். மாவட்ட ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் உங்களுக்கு மேலே இருப்பவர் சர்ஜனாகவோ, பொது மருத்துவராகவோ, 20 வருடம் டியூட்டி பார்த்த எம்.பி.பி.எஸ். டாக்டராகவோ இருக்கலாம். ப்ரோட்டோகால் பேசாமல் முதல் வாரம் அவர் கையைப் பாருங்கள். முதல் நாளே நான்கைந்து கேள்விக்குப் பதில் வாங்கிவிடுங்கள்: இரவு 2 மணிக்கு சி.டி. எடுக்க முடியுமா, ஓ நெகட்டிவ் எத்தனை யூனிட், அனஸ்தடிஸ்ட் வீடு எவ்வளவு தூரம், மாரடைப்புக்கான டெனெக்டெப்ளேஸ் ஊசி எந்த அலமாரியில், டியூப் போடத் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறதா. மாரடைப்பில் இந்த அலமாரிக் கேள்விதான் உயிர்: 90 கி.மீ. தள்ளி இருக்கும் கேத் லேபுக்கு அனுப்பும் முன் 30 நிமிடத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் அந்த ஊசி போய்விட வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. காலேஜில் ஃபாஸ்ட் ஸ்கேன் (அடிபட்டவரின் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது) பார்த்துப் பழகிய கையடக்க ப்ரோபை பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி மெஷின் அந்தந்த இடத்தில் பதிவாகியிருக்க வேண்டும், இயக்குபவர் பெயரும் அதில் வேண்டும். அங்கே இருக்கும் மெஷினில் உங்கள் பெயரைச் சேர்க்க முதல் வாரமே சூப்பிரண்டெண்டிடம் கடிதம் கொடுங்கள்.

விபத்து, குத்துக்காயம் எல்லாவற்றுக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எண்ட்ரி. கட்டுப் போடும் முன் காயத்தின் நீளம், அகலம், இடம் அளந்து எழுதுங்கள். கையெழுத்து உங்களுடையது என்றால் மூன்று வருடம் கழித்து சம்மனும் உங்கள் பெயருக்கே வரும், அதனால் பதிவு எண்ணும் நேரமும் தெளிவாக இருக்கட்டும்.

தீசிஸுக்கு: உங்கள் காலேஜ் எதிக்ஸ் கமிட்டி அனுமதி காரைக்குடி நோயாளிகளுக்குச் செல்லாது, அங்கே கேஸ் சேர்க்க நினைக்க வேண்டாம். டிசம்பருக்குள் கோ-கைடிடமும் ஒரு ஜூனியரிடமும் படிவத்தை ஒப்படைத்துவிட்டு, இந்த மூன்று மாதத்தில் பின்னணி நூல்களைப் படித்து அந்த அத்தியாயத்தை எழுதி முடியுங்கள். லாக்புக்கில் ஒருங்கிணைப்பாளர் கையெழுத்தை வாரா வாரம் வாங்குங்கள். மாவட்ட ரெசிடென்சி முடித்ததற்கு அத்தாட்சி இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. மார்ச் 31 அன்று அவர் லீவில் இருந்தால் சென்னையிலிருந்து பஸ் ஏறி வர வேண்டியிருக்கும்.

மூன்றாம்செமஸ்டர்_இஎம்:

நன்றி, எல்லோருக்கும். மெஷின் பதிவு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிற கூட்டம் இருக்கும் என்கிறார்களே, அதற்குத் தனியாக ஏதாவது?

விரியன்_வார்டு:

பெரும்பாலும் கொப்புளமும் நீரிழப்பும்தான், ஆனா பயப்பட வேண்டிய ரெண்டு உண்டு. இருட்டோட நடக்கிறவங்க மேல வண்டி மோதுறது, ஒரே நேரத்தில் நாலஞ்சு பேர் வருவாங்க. அவசரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு ஆளைப் பிரிச்சு வைக்க வாசல்லயே ஒரு நர்ஸை நிறுத்துங்க. இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கும்னு தோணினா ஆட்டிப் பார்க்காம, பெட்ஷீட்டை மடிச்சுத் தொடையெலும்போட மேல்முனையில் பக்கவாட்டில் தட்டுப்படுற புடைப்பு மட்டத்தில் இறுக்கிக் கட்டுங்க, வயித்து மேல கட்டினா பயனில்லை. ரெண்டாவது, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுட்டு விரதமா நடக்கிறவங்க. மயங்கி வந்தா சி.டி.க்கு அனுப்பும் முன்னே விரல் நுனியில் சுகர் பாருங்க. கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைன்னா டெக்ஸ்ட்ரோஸ் போட்டதும் எழுந்து உட்கார்ந்து கிளம்புறேன்னு சொல்வாங்க, விடாதீங்க. சில மணி நேரத்தில் சுகர் மறுபடி இறங்கும், 24 மணி நேரம் வார்டில் வையுங்க.