வலி ஒரு இடம், கோளாறு வேறு இடம்: கம்ப்யூட்டர் வேலையும் நம் உடம்பும்

அச்சுக்காரன், சிவகாசி:

டி.டி.பி. வேலை எனக்கு, அதாவது அச்சுக்குப் போவதைக் கம்ப்யூட்டரில் அடித்து வடிவமைப்பது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர் என்று எல்லாவற்றுக்கும் தமிழ் அடித்துக் கொடுக்கிறவன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானால் மார்கழி வரை எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த சீசனில் வருஷா வருஷம் வலது கைச் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. மோதிர விரலிலும் பாதி.

காரணம் விசைப்பலகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில், அதற்கான விசை அமைப்பில் அடிப்பவர்களுக்குத் தெரியும், புள்ளி இருப்பது செமிகோலன் விசையில். 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, கடைசியில் செமிகோலன். 'கண்ணன் வந்தான்' என்ற இரண்டே சொல்லில் நாலு புள்ளி இருக்கிறது. நாலுக்கும் சுண்டுவிரல்தான் போக வேண்டும். கையிலேயே நோஞ்சான் விரலுக்கு இத்தனை வேலை. உங்களுக்கு என்ன வந்தது, எப்படிப் போனது? யூடியூப் வைத்தியம் வேண்டாம், உங்கள் உடம்பில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

கணக்கக்கா, திருப்பூர்:

தம்பி, எனக்கு விரலில் இல்லை, பிடரியில். பனியன் கம்பெனியில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கு பார்க்கிறேன். மாசா மாசம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போக வேண்டும், 20ஆம் தேதிக்குள் 3பி. அந்தத் தேதிகளை ஒட்டிய நாட்களில் மத்தியானத்துக்கு மேல் பிடரியில் பிடித்து நெற்றி வரைக்கும் தலைவலி ஏறும். தைலம், ஒத்தடம், தலையணை மாற்றம் எல்லாம் ஆச்சு.

மானிட்டர் கண் மட்டத்துக்கு இருக்கணும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆபீஸ் பையன் அதைத் தூக்கி பில் புக் கட்டுகளின் மேல் வைத்தான். வலி கூடிப்போச்சு. கடைசியில் விஷயத்தைப் பிடித்தது கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற பெண். "ஸ்கிரீனை எப்படிப் பார்ப்பீங்க, உட்கார்ந்து காட்டுங்கம்மா" என்றாள். காட்டினேன். நான் போடுவது பைஃபோகல். கிட்டப் பார்க்கிற பவர் அதன் கீழ்ப்பாதியில் இருக்கிறது. அது வழியாக ஸ்கிரீனைப் பார்க்க நாள் முழுக்கத் தாடையைத் தூக்கி அண்ணாந்தே உட்கார்ந்திருக்கிறேன்! மானிட்டரை உயர்த்தினால் இன்னும் அண்ணாந்துதானே ஆகணும்?

அதை இறக்கி, மேசையோடு மேசையாக வைத்து, லேசாகப் பின்னுக்குச் சாய்த்தோம். ஸ்கிரீன் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று போட்டேன். தூரம் எவ்வளவு என்று கடையில் கேட்பார்கள் என்பதால், கோன் நூலை மூக்குத் தண்டிலிருந்து ஸ்கிரீன் வரை பிடித்து, அறுத்துச் சுருட்டிக் கொண்டுபோனேன். சிரித்தாலும் அதை வைத்துத்தான் பவர் எழுதினாள். பிடரி வலி முக்கால்வாசி போச்சு. கண்ணெரிச்சல்தான் போகமாட்டேன் என்கிறது.

இயன்முறை, மதுரை:

பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். அண்ணாச்சி, நீங்கள் செமிகோலனைத் திட்டுவதற்கு முன்னால் முழங்கையைப் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் அல்னார் நரம்பின் ஆட்சி. முழங்கை இடித்தால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான். அந்த இடத்தில் அதற்கு மேல் மெத்தையாகச் சதை கிடையாது. புரூப் பார்க்கும்போது கன்னத்தில் கைவைத்து முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவீர்களா? ராத்திரி கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்குவீர்களா?

எல்லோரும் பயப்படுகிற கார்ப்பல் டனல் வேறு. அது மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும், சுண்டுவிரல் தப்பிக்கும். நடுராத்திரி எழுந்து கையை உதறினால் சற்று சரியாகும். என்னிடம் வருகிறவர்கள் நேராகக் கம்ப்யூட்டர்மேல் பழியைப் போடுவார்கள். ஆனால் சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம் இவற்றாலும் அது வரும். கீபோர்டுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவ உலகில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அண்ணாச்சி, உங்கள் சுண்டுவிரல் மரப்பு கழுத்து எலும்பிலிருந்தும் வரலாம். பிடி தளர்ந்தாலோ, பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் சதை வற்றினாலோ நரம்புச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கா, சாதாரணமாக நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். ஸ்கிரீனைப் பார்க்கையில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதற்கு மேல் ஏசி காற்று முகத்தில் அடித்தால் கண்ணீர்ப் படலம் காய்ந்துதான் போகும். முதலில் ஏசியின் தகட்டைத் திருப்பிவிடச் சொல்லுங்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி 20 விநாடி பாருங்கள் என்பார்கள், தெரியுமல்லவா? 20 அடி என்பது 6 மீட்டர். அந்தத் தூரத்தில் கண்ணுக்குள் இருக்கும் குவியத் தசை தளர்ந்து ஓய்வெடுக்கும்.

அச்சுக்காரன்:

தம்பி, நேரில் வந்து பார்த்த மாதிரி எழுதிவிட்டீர்கள். என் மேசைமேல் கண்ணாடிப் பலகை. அடியில் சாமி படம், கலர் சார்ட், விலைப்பட்டியல். அதன் விளிம்பில்தான் முழங்கை ஊன்றுகிறது. ஊன்றுகிற இடத்தில் தோல் கறுத்துக் காய்த்திருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். துண்டை மடித்து விளிம்பில் ஒட்டியாகிவிட்டது.

ஆனாலும் செமிகோலனை நான் முழுசாக விடுவதாக இல்லை. மரப்பு வேறு, விரல் கடுப்பு வேறு. பையன் தமிழ்99 பழகச் சொல்கிறான். 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. அதில் புள்ளி இடது ஆள்காட்டி விரலுக்கு. ண-வை இரண்டு தரம் அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுகிறது, ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. என் 'கண்ணன் வந்தான்' கணக்கில் பாதிப் புள்ளி மிச்சம். பழகலாம்தான். வாடிக்கையாளர்களின் பழைய ஃபைல் எல்லாம் பாமினியில் கிடக்கிறதே, அதற்கு என்ன செய்ய?

மாடிவீடு, சென்னை:

என் கதை சின்னது. முதுகுவலிக்கு ஆன்லைனில் கேமிங் சேர் வாங்கினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அது ஆறடிக்காரனுக்குச் செய்தது. எனக்குக் கால் தரையில் படவில்லை. தொடைக்கு அடியில் அழுத்தி, முதுகுவலியோடு கால் மரப்பும் இலவசம். இப்போது காலுக்கடியில் பழைய டெலிபோன் டைரக்டரி. வலி குறைந்ததென்றால் டைரக்டரியால்தான், சேரால் இல்லை.

ஷிப்ட்வாசி, சிறுசேரி:

எனக்கு வலியே கிடையாது. அதுதான் பிரச்சினை. ஜிம்முக்குப் போவேன், ஞாயிறு காலையில் ஈ.சி.ஆரில் ஓடுவேன், பதக்கமெல்லாம் சுவரில் தொங்குகிறது. அமெரிக்க கிளையண்ட், ராத்திரி ஷிப்ட். வீட்டு வாசலில் கேப், அங்கே லிஃப்ட், அப்புறம் விடிகிற வரை நாற்காலி. ராத்திரி ஒரு மணிக்குச் சாப்பாடு, பெரும்பாலும் பரோட்டா. பகலில் தூக்கம். கம்பெனி ஹெல்த் செக்கப்பில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை, 6.1 என்று வந்தது. 5.7இலிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய கட்டமாம். "நான் ரன்னர் சார்" என்றேன். டாக்டர் நிமிராமலே, "சரி, திங்கள்லேர்ந்து சனி வரைக்கும்?" என்று கேட்டார்.

ரிட்டையர்டு கண்டக்டர், திருச்சி:

தம்பி, எங்கள் தொழிலைப் பற்றியது என்பதால் இதைத் தேடிப் படித்திருக்கிறேன். லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை வைத்து ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. எனக்கு ஒரே சந்தோஷம்! ஆனால் மோரிஸ் குழுவினரே பிறகு யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு, இள வயதிலேயே கண்டக்டர்களுடையதைவிடப் பெரிசாம். ஆக எல்லாப் பழியும் சீட்டுக்கு இல்லை.

2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களிடம் கூடுதலாகத் தெரியும் மரண அபாயம், தினமும் 60 முதல் 75 நிமிஷம் வேகநடை மாதிரி உடலுழைப்பு உள்ளவர்களிடம் காணவில்லை. தினமும் என்பதைக் கவனியுங்கள். ஞாயிறு ஓட்டத்தை நான் குறை சொல்லவில்லை.

ஷிப்ட்வாசி:

ஐயா, கேப்பை முன்கூட்டி நிறுத்தி நடக்கலாம் என்றால் ராத்திரி விதிப்படி வாசலில்தான் இறக்குவார்கள். அதனால் ஒரு லிட்டர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுச் சின்ன பாட்டிலோடு போகிறேன். நிரப்ப அடிக்கடி எழுந்தே ஆக வேண்டும். வீடியோ இல்லாத கால் வந்தால் காரிடாரில் நடந்துகொண்டே பேசுகிறேன். மேனேஜர் ஒரு மாதிரி பார்க்கிறார், பார்க்கட்டும். பரோட்டாவுக்குப் பதிலாக வீட்டிலிருந்து சுண்டல் போகிறது. அதில் பாதியை டீம்காரர்கள் தின்றுவிடுகிறார்கள். அடுத்த ரத்தச் சோதனை மாசியில். ரிப்போர்ட் வந்ததும் எழுதுகிறேன்.