வலி வாசல்லயா, ஆழத்துலயா?

முல்லை:
தோழிகளே, கல்யாணமாகி ஒன்றரை வருஷம் இதை அம்மாகிட்டகூட நான் சொல்லல. தாம்பத்தியம்னாலே உயிர் போற வலி. நுழையவே விடாது, சுவர் மாதிரி அடைச்சுக்கும். அவர் ஒருநாளும் வற்புறுத்தினதில்லை. ஆனா மாசாமாசம் அத்தை "ஏதாச்சும் விசேஷமா?"ன்னு கேட்கும்போது தொண்டை அடைச்சுக்கும். முதல்ல பார்த்த டாக்டர், "ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்"னு அனுப்பிட்டாங்க. பஸ்ல வீடு வரைக்கும் அழுதுட்டே வந்தேன்.

ரெண்டாவதா பார்த்த டாக்டரம்மா படுக்கச் சொல்றதுக்கு முன்னாடியே கேட்டாங்க: "வலி வாசல்லயா, ஆழத்துலயா? எரிச்சலா, குத்தலா?" அதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பஞ்சு சுத்தின குச்சியால லேசாத் தொட்டு, "வேண்டாம்னா சொல்லும்மா, உடனே நிறுத்திடுறேன்"னாங்க. அந்த ஒரு வார்த்தையிலயே பாதி பயம் போச்சு.

எனக்கு இருந்தது வஜைனிஸ்மஸ். கண்ணுக்குப் பக்கத்துல கை வந்தா இமை தானா மூடுதில்ல, அதே மாதிரி இடுப்படித் தசை நம்மைக் கேட்காமலே இறுகிக்குமாம். யூடியூப் பார்த்து நான் தினமும் கெகல் பயிற்சி, அதாவது இடுப்படித் தசையை இறுக்கி விடுற பயிற்சி, பண்ணிட்டிருந்தேன். "ஏற்கெனவே இறுகின தசையை ஏன் இன்னும் இறுக்குற? உனக்கு வேண்டியது தளர்த்துறது"ன்னு நிறுத்தச் சொன்னாங்க. மூச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, அப்புறம் டைலேட்டர், அதாவது உள்ளே வச்சுத் தசையைப் பழக்குற வழுவழுப்பான குச்சி; சுண்டுவிரல் பருமன்ல ஆரம்பிச்சு படிப்படியா. நாலு மாசம் ஆச்சு. இப்போ வலி இல்லை.

அகல்:
முல்லை, எனக்கு வாசல்ல ஒண்ணுமே தெரியாது. ஆழத்துலதான், கத்தி இறங்குற மாதிரி. தூரமாகுற நாள்ல வெளிக்குப் போகும்போதும் அதே வலி. ஸ்கேன்ல எதுவும் இல்லைன்னதும் வீட்டுல நடிக்கிறேன்னு நினைச்சாங்க. கடைசியில வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்க்கிற லேப்ராஸ்கோப்பி பண்ணித்தான் எண்டோமெட்ரியோசிஸ்னு தெரிஞ்சது, அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியில வளர்றது. ஸ்கேன் நார்மல்னா நோய் இல்லைன்னு அர்த்தமில்லை தோழிகளே, வலி இருந்தா விடாதீங்க.

பாப்பா அம்மா:
எனக்குப் பிரசவத்துக்கு அப்புறம்தான். தாய்ப்பால் கொடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறையறதால வறட்சி, அதோட தையல் போட்ட இடமும் இழுத்துச்சு. டாக்டர் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கொடுத்தாங்க. ஆணுறை போடுறவங்க தேங்காய் எண்ணெய் பக்கம் போகாதீங்க, எண்ணெய் பட்டா லேடெக்ஸ் (ரப்பர்) ஆணுறை பலவீனமாகிக் கிழிஞ்சிடலாம்.